இழப்பதற்கென்று ஒரு பணமா?

சூதாடுவது பிழையன்று, கணக்கில்லாமல் சூதாடுவதே பிழை என்றொரு புதிய உபதேசம் நம் குடாநாட்டு இளைஞர் சிலரின் செவியில் இன்று ஓதப்படுகிறது. இணையவழிப் போக்கர் ஆட்டத்துக்கு வக்காலத்து வாங்க வந்த உபதேசம் அது. ஆட்டத்துக்கென ஒரு முதலைப் புறம்பாக ஒதுக்கிவை. அதில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஒரு மேசையில் வைக்காதே. தோற்றால் சிறிய பந்தயத்துக்கு இறங்கு. முதல் பெருகினால் மட்டும் பெரிய பந்தயத்துக்கு ஏறு. இழந்தாலும் வாழ்வைப் பாதிக்காத பணத்தையே ஆட்டத்தில் இடு. இவையே அதன் கட்டளைகள். கேட்பதற்குத்தான் எத்துணை நிதானம்! சிக்கனத்துக்குப் பெயர்போன யாழ்ப்பாணத்தார் காதில் இது இனிப்பதில் வியப்பில்லை.

சுன்னாகத்துக்கு அண்மையில் வாழும் ஓர் இளைஞன் தன் கணக்குக் கொப்பியை எனக்குக் காட்டினான். திகதி, பந்தயம், வரவு, இழப்பு எல்லாம் அச்சுப்போல் எழுதப்பட்டிருந்தன. "அண்ணை, நான் சூதாடியில்லை. ஒழுங்காத்தான் விளையாடுறன்" என்றான். ஒழுங்கிலே குறை காண என்னால் இயலவில்லை. முதற் பக்கத்தில் 'முதல்' என்று எழுதியிருந்த தொகை எங்கிருந்து வந்தது என்று மட்டுமே கேட்டேன். ரொறன்ரோவில் இருக்கும் தமக்கை வீட்டுச் செலவுக்கு அனுப்பிய காசில் ஒரு பங்கு அது.

ஒழுக்கம் போதிப்பது நம் நோக்கமன்று. வள்ளுவரே சூது என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில் வைத்தார். ஆகவே பொருளாதாரக் கணக்காகவே இதைப் பார்ப்போம்.

அந்தக் கட்டளைகளில் உண்மை உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். திறமைசாலிக்கும் தொடர்ந்து பல நாட்கள் சீட்டு விழாமற்போகும். கைப்பணம் முழுவதையும் ஒரே மேசையில் வைப்பவன் அந்த இடைக்காலத்திலேயே அழிந்துபோவான். சிறு பங்கை வைப்பவன் தாக்குப்பிடிப்பான். ஆனால் இவ்விதி யாரைக் காக்கும்? மேசையிலுள்ள மற்றவர்களை வெல்வதோடு, ஆட்டம் நடத்தும் கொம்பனி எடுக்கும் கழிவையும் மிஞ்சி வெல்லக்கூடிய சிலரைக் காக்கும். ஏனையோரை அது காக்காது. அவர்களுடைய அழிவைத் தவணைமுறையாக்கும், அவ்வளவே.

ஓர் உதாரணம் கொள்வோம். சம திறமையுள்ள அறுவர் ஆளுக்கு ஆயிரம் ரூபாவுடன் அமர்கிறார்கள். மேசையில் உள்ளது 6,000 ரூபா. நடுவில் சேரும் ஒவ்வொரு தொகையிலும் கொம்பனி நூற்றுக்கு ஐந்து கழித்துக்கொள்கிறது. அதே காசு கைமாறிக் கைமாறி, இரவு முடிவதற்குள் நடுவில் சேர்ந்த தொகைகள் மொத்தம் 60,000 ஆகின்றன என்று வைப்போம். கழிவு 3,000. மேசையிலிருந்த பணத்தில் சரிபாதி போய்விட்டது! வென்றவனைப் பார்த்துத் தோற்றவன் பொறாமைப்படுகிறான்; இருவரையும் வென்றவன் மேசையிலேயே இல்லை. சிறிய பந்தயத்துக்கு இறங்கினால் தப்பலாமா? சிறிய மேசைகளிலேதான் பந்தயத்தோடு ஒப்பிடக் கழிவின் பாரம் பெரும்பாலும் அதிகம். கண்மூடி ஆடுபவன் ஒரே இரவில் தோற்று எழுந்து போய்விடுவான். கணக்காக ஆடித் தோற்பவனோ ஆண்டு முழுவதும் கழிவு கட்டுவான். கொம்பனிக்கு உகந்த வாடிக்கையாளன் இவர்களில் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

இவ்வுபதேசத்தின் புகழ்பெற்ற ஆசான் ஒருவரின் கதையையும் கேளுங்கள். கிறிஸ் பெர்குசன் என்ற அமெரிக்கர் கணினி விஞ்ஞானத்தில் கலாநிதி. 2000ஆம் ஆண்டின் உலகப் போக்கர் வாகையர். 2006இல் கையில் ஒரு சதமுமின்றித் தொடங்கி, நூற்றுக்கு ஐந்து என்ற விதியைப் பிடிவாதமாகக் காத்து, பத்தாயிரம் டொலர் சேர்த்துக் காட்டினார். அவர் ஆடிய தளம் புல் டில்ட் போக்கர்; அதன் இயக்குநர் சபையில் அவரும் ஒருவர். 2011 ஏப்ரலில் அமெரிக்க அரசு அத்தளத்தின்மீது கைவைத்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் அரச வழக்குத்தொடுநர் முன்வைத்த குற்றச்சாட்டின்படி, ஆட்டக்காரருக்குக் கொடுக்கவேண்டியிருந்தது ஏறத்தாழ 390 மில்லியன் டொலர். வங்கியில் இருந்ததோ ஏறத்தாழ 60 மில்லியன். 2007 முதல் இயக்குநர்களும் உரிமையாளர்களும் பெற்றுக்கொண்டது 440 மில்லியனுக்கும் மேல். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே பெர்குசன் 2013இல் வழக்கை இணக்கமாக முடித்துக்கொண்டார். தனிமனிதரைப் பழிப்பதால் நமக்கு ஆவதொன்றுமில்லை. ஆடுபவன் தன் முதலை எவ்வளவு நுட்பமாகப் பகுத்தாலும், பணப்பெட்டியின் திறப்பு வேறொருவன் கையில் இருக்கிறது என்பதே பாடம்.

'முதல்' என்ற சொல்லை நம் தோட்டக்காரனிடமிருந்தல்லவா திருடியிருக்கிறார்கள்! வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் நடுபவனும் விதைக்கென ஒரு பங்கைத் தொடாமல் வைக்கிறான். மழை பிழைக்கலாம், சந்தையில் விலை விழலாம். அவனும் துணிந்தே முதலிடுகிறான். ஆனால் விளைந்த வெங்காயம் யாரோ ஒருவரின் உலையிலாவது வேகும். போக்கர் மேசையில் விளைவது என்ன? ஒருவன் பையிலிருந்து மற்றவன் பைக்குப் போகும் காசு வழியிலே தேய்கிறது. புதிதாய் ஒரு மணியும் முளைப்பதில்லை.

திறமையைக் காட்டும் ஆட்டமல்லவா என்பார்கள். வேப்பமர நிழலில் நம் பெரியவர்கள் ஆடும் முன்னூற்று நாலில் இல்லாத திறமையா? காசில்லாமலே அது மாலை முழுவதும் களிப்பூட்டுகிறதே! திறமையா, அதிர்ஷ்டமா என்ற இதே வாதம் தமிழ்நாட்டிலும் நீதிமன்றமேறியது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் அவ்வாதத்தையே புறந்தள்ளி, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபையை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஒழுங்கான சூது என்ற அந்த இளைஞனின் நம்பிக்கைக்கு அரசே முத்திரை குத்தியதுபோல் இருக்கிறது!

இழந்தாலும் வாழ்வைப் பாதிக்காத பணம் யார் வீட்டில் இருக்கிறது? 2009 வரை நீண்ட போரில் வீடும் தோட்டமும் வள்ளமும் இழந்த மக்கள் இவர்கள். 2022இன் நெருக்கடியில் காசின் மதிப்பே கரைந்தபோது, தாலிக்கொடியை அடைவு வைத்து அரிசி வாங்கிய வீடுகள் இவை. இங்கே ஒவ்வொரு ரூபாவுக்கும் உரிமை கோரப் பசியோ, கடனோ, ஒரு பிள்ளையின் படிப்போ காத்து நிற்கிறது. பனியில் வேலைக்குப் போய் அக்கா மிச்சம் பிடித்த காசு, இங்கே வந்ததும் 'இழக்கத்தக்க பணம்' ஆகிவிடுமா?

அந்த இளைஞனை நான் வெறுக்கவில்லை. அவனுக்குக் கணக்குத் தெரியும்; பொறுமையுண்டு; தன்னை அடக்கத் தெரியும். இவற்றுக்கு ஊரில் ஒரு தொழில் தராத சமுதாயமே முதற் குற்றவாளி. கூட்டுறவுச் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் இத்தகையவர்களைத் தேடிப்பிடித்துப் பொறுப்புக் கொடுக்கட்டும். அதுவரை அவன் ஒரேயொரு திருத்தம் செய்தாற் போதும்: கொப்பியின் முதற் பக்கத்தில் 'முதல்' என்ற சொல்லை வெட்டி, 'அக்காவின் காசு' என்று எழுதட்டும். அதன் பின்னும் ஆட மனம் வருமானால் ஆடிப் பார்க்கட்டும்!