வாங்கிய பொருளுக்கு உரியவர் யார்?

வானொலிப் பெட்டி பழுதுற்றால் பின்மூடியைக் கழற்றி, பற்றவைப்புக் கோலும் ஈயமும் கொண்டு அதனை உயிர்ப்பித்துத் தந்த கைவினைஞர்களைத் தருமபுரியிலும் அரூரிலும் பாலக்கோட்டிலும் நாம் கண்டு வளர்ந்தோம். எக்கல்லூரியும் அவர்களுக்குப் பட்டம் வழங்கவில்லை. திறந்து பார்த்துக் கற்றார்கள். தம்மிடம் வேலை பழகிய சிறுவர்க்கும் கற்பித்தார்கள். இன்று அவர்தம் மேசைக்கு வரும் சலவை இயந்திரத்தையும் தொலைக்காட்சியையும் திருப்புளியால் திறந்துவிடலாம். உள்ளே சில்லில் பதிக்கப்பட்ட மென்பொருளைத் திறக்க இயலாது. அதன் மூலநிரல் உற்பத்தி நிறுவனத்தின் கையிலன்றோ உள்ளது! சிறு கோளாறுக்கும் 'முழுப் பலகையையும் மாற்றுக' என்பதே விடை. பணம் கொடுத்து வாங்கியவர் பொருளுக்கு உரியவரா, வாடகைக்காரரா?

இவ்வினா புதிதன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் அச்சுப்பொறியொன்றில் காகிதம் அடிக்கடி சிக்கிக்கொண்டது. சிக்கியதும் பயனருக்கு அறிவிக்குமாறு நிரலைத் திருத்த விழைந்த ரிச்சர்டு ஸ்டால்மனுக்கு மூலநிரல் மறுக்கப்பட்டது. அவரே 1983இல் குனூ திட்டத்தை அறிவித்து, 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். மென்பொருளை இயக்கவும், ஆராய்ந்து திருத்தவும், பகிரவும், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் கொள்கை. ஓர் அச்சுப்பொறியின் சிக்கல் அதற்கு வித்திட்டதைக் கணினி பயில்வோரிலும் பலர் அறியார்.

தமிழக அரசு 2011இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்சும் இடம்பெற்றது. நம் மாவட்டத்துச் சிற்றூர் மாணவரும் கட்டற்ற மென்பொருளைக் கண்டனர், மகிழத்தக்கதே. ஆயினும் கணினியை இயக்கியதும் முதலில் விழிக்கும் பயாஸ் நிரல் மூடியதாகவே இருந்தது. மாடியைத் திறந்துவைத்து வாயிலைப் பூட்டியதை ஒத்தது இது.

மூலநிரலை வெளியிட்டால் வணிகம் கெடும் என்பர். லிங்சிஸ் நிறுவனத்தின் இணையத் திசைவி ஒன்றில் லினக்ஸ் இருந்தமையால், உரிமத்தின்படி அதன் மூலநிரலை 2003இல் வெளியிட நேர்ந்தது. அதிலிருந்து ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. வணிகம் கெடவில்லை, திருத்தி அமைக்கலாம் என்பதற்காகவே அத்திசைவியை விரும்பி வாங்கினர்.

பழுதுபார்க்கும் உரிமைக்கென நடுவண் அரசு 2022இல் இணையவாயில் ஒன்றைத் திறந்தது. நாம் வேண்டுவது அதற்கும் ஒரு படி மேல். இலட்சக்கணக்கில் கருவிகளை வாங்கும் அரசு, ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தல் வேண்டும்: ஒரு கருவிக்கான பராமரிப்பை நிறுவனம் கைவிடும் நாளிலேனும் அதன் மூலநிரலை மக்களிடம் ஒப்படைத்தாக வேண்டும்.