உபாத்தியாயருக்கும் இந்தப் பாடம் வேண்டும்

பள்ளிக்கூடங்களில் தலைகாட்டும் யூதத் துவேஷத்தை இனங்கண்டு தடுக்க உபாத்தியாயர்களுக்குத் தனிப் பயிற்சி எதற்கு, படித்தவருக்கு நல்லது கெட்டது தெரியாதா, சரித்திர பாடத்தில் ஹிட்லரின் கொடுமைகளைச் சொல்லிக் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் மேல்நாடுகளில் அநேகர். கேட்டமாத்திரத்தில் நியாயமாகத் தோன்றும் இந்த அபிப்பிராயம், நடந்த விஷயங்களோடு உரைத்துப் பார்த்தால் நிற்பதில்லை.

படித்தவருக்குத் தெரியாதா என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். 1938-இல் ஜெர்மனியில் குழந்தைகளுக்கென்று 'விஷக் காளான்' என்ற சித்திரப் புத்தகம் ஒன்று வெளிவந்தது. அதில் ஒரு வகுப்பறைக் காட்சி: கரும்பலகை அருகே நிற்கும் சிறுவன், யூதனின் மூக்கு நுனியில் வளைந்து 6 என்ற இலக்கத்தைப் போல இருக்கும் என்று விளக்குகிறான், உபாத்தியாயர் அதை ஆமோதிக்கிறார். இதை எழுதிய எர்ன்ஸ்ட் ஹீமரும் பிரசுரித்த யூலியஸ் ஷ்ட்ரைஹரும் ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியர்களாக இருந்தவர்களே. அந்நாட்டின் அரசுப் பள்ளி ஆசிரியர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் 1936-க்குள் நாஜி ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்துவிட்டார்கள். சங்கமோ முகாம்கள் நடத்தி அவர்களுக்குத் துவேஷத்தைச் சாஸ்திரம்போலப் போதித்தது. விஷத்தைப் புகட்டுவதற்கே ஆசிரியரைப் பழக்க வேண்டியிருந்தது என்றால், அதை முறிப்பதற்கு மட்டும் பழக்கம் வேண்டாம் என்பது என்ன நியாயம்?

சரித்திர பாடமே போதும் என்ற வாதத்துக்கு இங்கிலாந்து பதில் சொல்கிறது. யூதப் படுகொலை அங்கே 1991 முதல் தேசியப் பாடத்திட்டத்தில் இருந்து வருகிறது. ஆனால் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள் ஆயிரக்கணக்கான மாணாக்கர்களை விசாரித்து 2016-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, யூத விரோதத்தைக் குறிக்கும் சொல்லின் பொருளே நூற்றுக்கு 68 பேருக்குத் தெரியவில்லை. கொலைக்களத்தை அறிந்த பிள்ளை, அந்தக் களத்துக்கு ஜனங்களை இட்டுச்சென்ற துவேஷத்தை அறியாமலே பரீட்சையில் தேறிவிடுகிறது.

இன்றைய துவேஷம் சீருடை அணிந்து வருவதுமில்லை. யூதப் பிள்ளையின் காலடியில் ஒரு நாணயத்தை வீசி எறிந்து, குனிந்து பொறுக்குகிறானா என்று மற்றவர்கள் காத்திருப்பார்கள்; அல்லது அவன் நடந்துபோகையில், யூதரைக் கொன்ற நச்சுவாயு கசியும் ஓசையை யாரோ ஒருவன் பல்லிடுக்கில் எழுப்புவான். பழகாத ஆசிரியரின் காதில் அது வெறும் சீழ்க்கை, அவர் கண்ணுக்கு அது வெறும் விளையாட்டு. 'பிள்ளைகள் என்றால் அப்படித்தான்' என்று அவர் சொல்லிப் போகும் அந்தக் கணத்தில், அடிபட்ட பிள்ளை இரண்டாம் முறை அடிபடுகிறது.

எங்கள் பள்ளியில் யூதரே இல்லையே என்பார்கள். ஜெர்மன் பள்ளி மைதானங்களில் 'யூதன்' என்பதே வசைச் சொல்லாக வழங்குகிறது. அதைச் சொல்ல எதிரே யூதன் நிற்கவேண்டிய அவசியமில்லை.

இஸ்ரேலைப் பற்றிப் பேசவிடாமல் வாயை அடைக்கும் உபாயம் இது என்ற ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். காஸாவின் துயரத்தைக் கண்டு கொதிக்கும் மாணவனைத் துவேஷி என்று முத்திரை குத்துவது அநீதி. ஆனால், யூதத் துவேஷம் எது என்பதற்கு 2016-இல் பல அரசுகள் கூடி ஏற்ற வரையறையே, வேறெந்த நாட்டையும் விமர்சிப்பதுபோல இஸ்ரேலை விமர்சிப்பது துவேஷமாகாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஒரு சர்க்காரைக் கண்டிப்பதற்கும், அந்தச் சர்க்காரின் செயலுக்காகப் பக்கத்துப் பெஞ்சில் இருக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் கூண்டில் நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பயிற்சி பெற்ற ஆசிரியர்தான் வகுப்பில் நிதானமாக எடுத்துக்காட்ட முடியும். பயிற்சி இல்லாதவர் பயந்து பேச்சையே நிறுத்திவிடுவார்.

யுனெஸ்கோவும் ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பும் கல்வியின் மூலம் யூதத் துவேஷத்தை எதிர்கொள்வதற்கென்று 2018-இலேயே வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கின்றன. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளை நடத்துவோர் இந்தப் பயிற்சியை ஒருநாள் சொற்பொழிவோடு முடித்துவிடாமல், வகுப்பு நடத்தக் கற்பிக்கும் பாடங்களோடு பாடமாகவே வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.