வானம் என்னப்பா சொல்லுது?

மகளுக்கு சண்டே ஸ்கூலில் மனப்பாடப் போட்டி. இந்த வருஷம் சங்கீதம் 19. வானம் வாய் திறக்காமலே கடவுளின் மகிமையை உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று தாவீது பாடினாரே, அதுதான். ஒரு வாரமாக வீட்டில் அதே பாட்டு. தங்கமணி கூட தோசை சுடும்போது முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்.

போன சனிக்கிழமை ராத்திரி பால்கனியில் நின்று கேட்டாள்: "வானம் என்னப்பா சொல்லுது? எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

பார்த்தேன். தில்லியின் நவம்பர் வானம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரி, நட்சத்திரம் எண்ணு என்றேன். ஏழு என்றாள். அதில் இரண்டு விமானம். ஆபிரகாமை இந்த பால்கனியில் நிறுத்தி, உன் சந்ததி இந்த நட்சத்திரங்களைப் போலப் பெருகும் என்று சொல்லியிருந்தால் மனுஷர் நொந்து போயிருப்பார்.

சிரிப்பாகத்தான் சொல்கிறேன், ஆனால் அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. நான் வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கம். கோடையில் மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுப்போம். ஜெபம் சொல்லித் தந்தது அம்மாதான். ஆனால் கடவுள் பெரியவர் என்று எனக்கு உறைத்தது அந்தப் பாயில். யாரும் போதிக்கவில்லை, மல்லாந்து படுத்தால் போதும். சங்கீதம் 8-இல் நிலாவையும் நட்சத்திரத்தையும் பார்த்து மனுஷன் எம்மாத்திரம் என்று தாவீது திகைப்பதும் இப்படி ஒரு ராத்திரியில்தான் இருக்கும் (ஆடு மேய்த்தவர்தானே!).

ரோமர் 1:20-இல் பவுல் இன்னும் ஒரு படி போகிறார். காணமுடியாத கடவுளைப் படைப்பைப் பார்த்தே அறியலாம், அதனால் யாரும் சாக்குச் சொல்ல முடியாது என்கிறார். இந்த வசனத்தை நாம் எப்போதும் நாத்திகருக்கு எதிராகத்தான் எடுப்போம். எனக்கு இப்போது வேறு மாதிரி படுகிறது. கடவுள் நிறுத்திய சாட்சியின் வாயைப் பொத்தியது யார்? நாத்திகரா? நம் வண்டிப் புகை, கட்டடத் தூசி, வயலில் எரிக்கும் வைக்கோல், விடிய விடிய எரியும் விளக்கு. குளிர்காலத்தில் மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போல உட்கார்ந்துகொள்ள, நாம் விட்ட புகையெல்லாம் கீழேயே நிற்கிறது. அந்தத் தூசியில் விளக்கு வெளிச்சம் பட்டுச் சிதறி, இருக்கிற கொஞ்ச நட்சத்திரமும் காணாமல் போகிறது. 2024 நவம்பரில் பள்ளிகளை மூடி ஆன்லைனில் பாடம் நடத்தும் அளவுக்குப் போனது.

அந்த மாதமும் படைப்பின் அழகைப் பற்றிப் பிரசங்கம் கேட்டோம், மாஸ்க் போட்டுக்கொண்டு. திரையில் சுவிட்சர்லாந்து மலை. முடிந்ததும் ஆளுக்கொரு காரில் ஏறினோம். நானும்தான், நாலு கிலோமீட்டருக்கு.

"ஆத்துமாவை விட்டுட்டு புகையைப் பிடிச்சிட்டு நிக்கிறீங்களே தம்பி" என்றார் ஒரு அண்ணாச்சி. அண்ணாச்சி, யோபு புத்தகத்தைப் பாருங்கள். அத்தனை துக்கத்தில் அவர் கேட்ட கேள்விக்குக் கடவுள் உபதேசமா சொன்னார்? கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டினார், மிருகசீரிஷத்தைக் காட்டினார், ஆளே இல்லாத வனாந்தரத்தில் பெய்கிற மழையைக் காட்டினார். 1561-இல் எழுதிய பெல்ஜிய விசுவாச அறிக்கை படைப்பை ஒரு அழகான புத்தகம் என்கிறது. பைபிளில் ஒரு தாள் கிழிந்தால் பதறுகிறோம். இந்தப் புத்தகத்தில் கரி பூசினால் மட்டும் அது அரசாங்கத்தின் வேலை!

லடாக்கில் ஹான்லே என்று ஒரு ஊர், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில். அங்கே தொலைநோக்கிகள் இருப்பதால் 2022-இல் இரவு வானத்துக்கென்றே அந்தப் பகுதியைக் காப்பகமாக்கி, விளக்குகளுக்குக் கட்டுப்பாடு வைத்தார்கள். விஞ்ஞானத்துக்காக ஒரு ஊரே விளக்கைக் குறைக்கிறது. டிசம்பரில் எங்கள் வளாகத்தில் கிறிஸ்துமஸ் சீரியல் லைட்டை ராத்திரி பத்து மணிக்கு அணைக்கலாமா என்று கேட்டதற்கே என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

போட்டியில் மகளுக்கு இரண்டாம் பரிசு. திருக்குறள் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன், வெயிட்டிங் லிஸ்ட் 47. கிறிஸ்துமஸ் சமயத்தில் ராத்திரி பத்து மணி வாக்கில் கார்த்திகை தலைக்கு மேலே வந்துவிடும், ஊரில் மழை மேகம் வழிவிட்டால். மொட்டை மாடியைக் கூட்டி வைக்கச் சொல்லி அம்மாவுக்கு போன் செய்தேன்.

"மார்கழிப் பனியில பிள்ளையப் படுக்க வைக்கப் போறியாக்கும்? சளி பிடிச்சிராது?" என்கிறார்.