கோழி மேயும் கொல்லையில் ஈய ரவையா?

உறையூருக்குக் கோழியூர் என்றும் ஒரு பழைய பெயர் உண்டு. யானையைக் கோழி எதிர்த்து வென்ற ஊர் என்பது கதை. அவ்வூரை ஒட்டிய குழுமணி சாலைப் பக்கத்தில் நெல்லும் வாழையும் பயிரிடும் சிறு விவசாயிகளுக்குக் கொல்லையில் மேயும் நாலு கோழிகள் கைச்செலவுக்கு உதவும் செல்வம். யானைக்கு அஞ்சாத கோழியையும் வீழ்த்தக்கூடியது ஒன்று உண்டு. அது ஈயம்.

திருவிழாக் கடையில் பலூன் சுட்ட பிள்ளை வீட்டுக்கு வந்ததும் ஏர் கன் கேட்பது வழக்கந்தான். 2022 ஜூலையில் திருச்சி ரைபிள் கிளப்பில் 47ஆவது மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நடந்தது. அதைப் பார்த்தும் கேட்டும் ஆசை கொண்ட இளைஞர்கள் இருப்பார்கள். ஆசையில் குற்றமில்லை. சுட்ட ரவை எங்கே போய் விழுகிறது என்று எவரும் கேட்பதில்லை. குற்றம் அங்கேதான் இருக்கிறது.

ஏர் கன்னில் போடும் 4.5 மில்லிமீட்டர் ரவை ஏறக்குறைய அரை கிராம் எடையுள்ளது. பெரும்பாலும் ஈயத்தால் ஆனது. 500 ரவை சுட்டால் கால் கிலோ ஈயம் கொல்லை மண்ணில் சேர்ந்துவிடுகிறது. ஈயம் மக்குவதில்லை.

கோழிக்குப் பல் இல்லை. பொறுக்கித் தின்ற சிறு கற்களைக் கொண்டே அதன் அரைவைப்பை தானியத்தை அரைக்கிறது. கல் என்று எண்ணி ரவையை விழுங்கினால், ஈயமும் அரைபட்டு இரத்தத்தில் கலக்கிறது. கோழி மெலிந்து சோர்ந்து விழும். முட்டையிலும் ஈயம் இறங்கும். அந்த முட்டையைத் தின்பது வீட்டுக் குழந்தைதான். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். புல்லோடு ரவையைத் தின்னும் மாட்டுக்கும் ஆபத்து உண்டு. ரவையை விழுங்கிய வாத்துகள் மடிவதைக் கண்டுதான் அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையைத் தடை செய்தார்கள்.

எனவே, துப்பாக்கி வாங்கும் முன்பே ரவைப் பெட்டி செய்து வைக்க வேண்டும். இதற்குச் செலவு அதிகமில்லை. ஓர் அடி அகலமும் ஓர் அடி உயரமும் ஆழமும் உள்ள உறுதியான பலகைப் பெட்டி போதும். உள்ளே 3 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டைச் சாய்வாகப் பொருத்த வேண்டும். தகட்டின் மேல் விளிம்பு சுடுபவர் பக்கமும், கீழ் விளிம்பு பெட்டியின் பின்பக்கமும் இருக்க வேண்டும். அப்போது தகட்டில் பட்ட ரவை கீழே திரும்பும். அடியில் மூன்று விரற்கடை மணல் பரப்பினால் ரவை அதில் அடங்கும். முன்பக்கத்தை அட்டையால் மூடி அதன்மேல் குறித்தாளை ஒட்டலாம். சிதறும் துணுக்குகளை அட்டை தடுக்கும். கிழிந்தால் மாற்றிவிட வேண்டும்.

தகட்டை நேராக நிறுத்துவதும், செங்கல் சுவரிலோ தென்னை மரத்திலோ குறி வைப்பதும் கூடாது. ரவை திரும்பி வந்து கண்ணைக் கெடுக்கும். உருண்டையான இரும்பு ரவை இன்னும் வேகமாகத் துள்ளும். அதைத் தொடவே வேண்டாம். பெட்டிக்குப் பின்னால் மண்சுவர் இருக்க வேண்டும்; நடைபாதை இருக்கக் கூடாது. சுடுபவரும் அருகில் நிற்பவரும் கண்ணாடி அணிவது அவசியம். சேர்ந்த ரவையை வீட்டு அடுப்பில் உருக்கக் கூடாது, புகையே விஷம். டப்பாவில் சேர்த்துப் பழைய உலோகம் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

"கிளியும் மயிலும் கதிரைத் தின்கின்றன, அவற்றை விரட்டத்தானே துப்பாக்கி?" என்று கேட்பவர்கள் உண்டு. பயிர் இழப்பு உண்மை. அந்த வேதனை நியாயமானது. ஆனால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைச் சுடுவது சிறைக்கு உரிய குற்றம். வலையும் மினுமினுக்கும் நாடாவும் காவலுமே விவசாயிக்கு உகந்த வழி.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழாயும் 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் உள்ள ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. உரிமம் இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடாது. பூச்சி மருந்து விற்பவர் எச்சரிக்கைத் தாள் தருவதுபோல, ஏர் கன் விற்பவரும் ரவைப் பெட்டி பற்றிய தாள் ஒன்றைத் தர வேண்டும். அரசு இதைக் கட்டாயமாக்குவது நல்லது. அதுவரை வீட்டுப் பெரியவர்களே இதை விதியாக வைத்துக்கொள்ளலாம்: பெட்டி இல்லாத கொல்லையில் துப்பாக்கியும் இல்லை.