இரவல் கோப்பு

எடப்பாடியில் எங்கள் வீட்டுத் தறியில் ஜக்கார்டு அட்டையை மாற்றினால் சேலையின் கரை மாறிவிடும்; தறியைப் பிரிக்க வேண்டியதில்லை. நெதர்லாந்தின் பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்ட ‘விம்’ என்னும் எடிட்டரும் அத்தகையதே. அதன் அமைப்புக் கோப்பில் எழுதும் வரிகளுக்கேற்ப அது நடந்துகொள்ளும்.

அன்பு நண்பர்களே! மூத்த மாணவர் ஒருவரின் 300 வரிக் கோப்பை அப்படியே நகலெடுத்தவன் நான். செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் அது பிழை காட்டியது. எந்த வரி எதற்கென்று அறியாமல் விழித்தேன். அட்டை அறுந்தால் என் தந்தை தாமே கோத்துவிடுவாரே!

அனைத்தையும் அழித்தேன். வரி எண்ணைக் காட்டும் ‘செட் நம்பர்’ என்பதிலிருந்து தொடங்கினேன். இன்று என்னிடம் இருப்பவை 12 வரிகளே. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்வேன். இரவல் வாங்குவது தவறன்று. புரியாமல் வாங்குவதே தவறு என்பது என் துணிபு.