தட்டு குறைந்தால் முதலில் காரணம்

ஹேர்னியா சத்திரசிகிச்சைக்கு நாள் வாங்கிய தோட்டத் தொழிலாளி, றக்வானையிலிருந்து மாதம்பை, பெல்மதுளை தாண்டி இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்குப் போய்ப் படுத்த பிறகுதான் குருதித் தட்டு (பிளேட்லெட்) 40,000 என்று தெரியவந்தால், பயணமும் வீண், போன நாட்சம்பளமும் வீண். அவசரமில்லாத பெரிய சத்திரசிகிச்சைக்கு எஃப்.பி.சி. எனும் முழுக் குருதி எண்ணிக்கைப் பரிசோதனையை இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே, வீட்டுக்குப் பக்கத்திலேயே எடுத்துவிட வேண்டும். ஏனென்றால் தட்டு எண்ணிக்கை மட்டும் காரணத்தைச் சொல்லாது, அதைத் தேட நாள் வேண்டும். ஆரோக்கியமானவருக்கு ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 150,000 முதல் 450,000 வரை தட்டுக்கள் இருக்கும். பெரும்பாலான பெரிய சத்திரசிகிச்சைகளுக்கு 50,000 போதும், மூளையில் கைவைப்பதென்றால் 100,000 கேட்பார்கள். ஆனால் டெங்கு வந்து போனவருக்குக் குறைந்த தட்டு ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஏறிவிடும். எலிக்காய்ச்சலும் அப்படியே குறைக்கும். அது அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் இரத்தினபுரியும் ஒன்று. கல்லீரல் சுருங்கி மண்ணீரல் வீங்கியவருக்கோ எத்தனை நாள் காத்திருந்தாலும் ஏறாது. உடலே தன் தட்டுக்களை அழிக்கும் ஐ.டி.பி. என்றால் ஸ்டீரொய்ட் மாத்திரைக்குச் சில நாட்களாவது வேண்டும். சிலருக்கு உண்மையில் குறையே இருக்காது. குருதி எடுக்கும் குழாயிலுள்ள மருந்தால் தட்டுக்கள் ஒட்டிக்கொள்ள, இயந்திரம் குறைத்து எண்ணிவிடும். நுணுக்குக்காட்டியில் ஒருமுறை பார்த்தால் அந்தக் குட்டு வெளிப்படும்.

குறைந்தால் ஒரு பை தட்டு ஏற்றிவிட்டுச் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இரத்தப்போக்கு நிற்காத வேளையிலும், தள்ளிப்போட முடியாத சத்திரசிகிச்சையிலும் அது உயிர் காக்கும், அதை மறுக்கவில்லை. எண்ணை உயர்த்திக் காட்ட மட்டும் ஏற்றுவதுதான் பிழை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 டெங்கு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. முன்கூட்டியே தட்டு ஏற்றியது இரத்தக்கசிவைத் தடுக்கவில்லை, பக்கவிளைவுகளே கூடின. அது சத்திரசிகிச்சை ஆய்வு அல்லதான். ஆனால் ஐ.டி.பி. உள்ளவரின் உடல், ஏற்றிய தட்டையும் சில மணி நேரத்தில் அழித்துவிடும். வழக்கமான முறையில் அந்தப் பையை ஐந்து நாளுக்கு மேல் வைக்கவும் முடியாது. யாரோ ஒருவர் காசு வாங்காமல் கொடுத்த குருதி அது.

சிறிய வைத்தியசாலைகளில் இதெல்லாம் நடக்குமா என்ற கேள்வி நியாயமானது. இயந்திரம் இல்லாத இடத்தில் நோயாளிக்குப் பதிலாகக் குருதிக் குழாய் அன்றைக்கே பயணம் செய்யட்டும். வருத்தம் என்னவென்றால், மலைத் தோட்டங்களில் தட்டுக் குறைவின் அறிகுறிகள் எளிதில் ஒளிந்துகொள்கின்றன. வெற்றிலைச் சிவப்பில் முரசுக் கசிவு தெரியாது. அட்டைக்கடி யாருக்கும் நெடுநேரம் கசியும், அதற்குப் பயப்பட வேண்டாம். கணுக்காலுக்கு மேலே குண்டூசித் தலையளவில், அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் வந்தால் உடனே காட்டுங்கள். அஸ்பிரின், டைக்ளோபெனக் எது குடித்தாலும், அண்மையில் காய்ச்சல் வந்திருந்தாலும் கிளினிக்கில் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வீட்டில் பழைய எஃப்.பி.சி. துண்டு இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள்.