நிர்வாகி உரிமை யாருக்கு?

கடலூரிலும் சிதம்பரத்திலும் மாறி மாறிக் கூடும் எம் இலக்கிய நண்பர்கள், ஒலிநாடாக்களில் கிடந்த பழைய உரைகளைக் கணினிக்கு மாற்றி, ஜெல்லிஃபின் என்னும் ஊடக வழங்கியில் ஏற்றி வருகிறார்கள். உறுப்பினர் எவரும் வீட்டிலிருந்தபடியே கேட்கலாம். நற்பணிதான். ஆனால் நிர்வாகி உரிமையை யாரிடம் தருவது என்பதில் இரு கட்சிகள் தோன்றிவிட்டன. ஒருவரிடமே இருக்கட்டும் என்பது ஒன்று. உழைத்த அனைவருக்கும் தருவதே மரியாதை என்பது மற்றொன்று. இரண்டுமே நமக்கு உடன்பாடில்லை.

நிர்வாகி உரிமை பொன்னாடையன்று, போர்த்தி மகிழ்வதற்கு. கேட்டல், தரவிறக்கல், அழித்தல் ஆகியவற்றை அந்த மென்பொருள் பயனர்தோறும் தனித்தனியே வரையறுக்க இடம் தருகிறது. எந்தத் தொகுப்பு எவர் கண்ணில் படலாம் என்பதையும் குறிக்கலாம். அழிக்கும் உரிமையுடையவர் ஓர் உரையை நீக்கினால், பட்டியலிலிருந்து மட்டுமன்று, வன்தட்டிலிருந்தே கோப்பு போய்விடும். நிர்வாகியோ இவ்வுரிமைகளைத் தமக்கும் பிறர்க்கும் வழங்க வல்லவர். அத்தகைய கணக்கு பதினைந்து கைப்பேசிகளில் திறந்தே கிடப்பதும், அவற்றில் பாதி பேரப்பிள்ளைகளின் கையில் இருப்பதும் மரியாதையாகுமா?

ஒருவரிடமே இருக்கட்டும் என்போருக்குத் தில்லையைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அவ்வூரை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியாரின் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணம் சொல்வது நாமறிந்ததே. தேவார ஏடுகள் இருந்த அறை மூவரின் கை இலச்சினையோடு பூட்டிக் கிடந்தது. அம்மூவரே வந்தாலன்றித் திறவாது என்றனர். சோழ மன்னன் மூவர் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து திறப்பித்தபோது, ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. பூட்டியது குற்றமன்று. உயிரோடிருப்பவர் எவரும் நிறைவேற்ற முடியாத நிபந்தனையில் திறவுகோலை வைத்ததே குற்றம்.

கடவுச்சொல்லைப் பலமுறை தவறாக இட்டால் கணக்கு முடங்கும்படி ஜெல்லிஃபினில் அமைக்கலாம். முடங்கியதை மீட்பவர் நிர்வாகி. அவர் ஒருவரே இருந்து அவர் கணக்கே முடங்கினால்? கடவுச்சொல் மறந்தாலும், மீட்பதற்கான எண் வழங்கியின் வன்தட்டில்தான் ஒரு கோப்பாக எழுதப்படும். ஆக, கணினிப் பெட்டி எவர் வீட்டில் இருக்கிறதோ அவரே மெய்யான நிர்வாகி. இதை இரு கட்சியாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

நம் கருத்து இது: நிர்வாகிகள் இருவர் போதும், கடலூரில் ஒருவர், சிதம்பரத்தில் ஒருவர். 2011 டிசம்பரில் ‘தானே’ புயலுக்குப் பின் கடலூர்ப் பக்கம் எத்தனை நாள் இருளில் கிடந்தது என்பதை மறவாதோர் இப்பங்கீட்டின் காரணத்தை உணர்வர். அவ்விருவரும் உரை கேட்பதற்குச் சாதாரணக் கணக்கையே பயன்படுத்த வேண்டும். ஒலிப்பதிவுகள் உள்ள கோப்புறையை வழங்கி வாசிக்க மட்டுமே இயலும்படி இயங்குதளத்தில் அமைத்துவிட்டால், நிர்வாகியின் விரல் தவறினும் உரை அழியாது. கடவுச்சொற்களை உறையிலிட்டு ஒட்டி, கணினிப் பெட்டி இல்லாத வீட்டில் வைக்கலாம். அடுத்த கூட்டம் சிதம்பரத்தில். உறையை யார் வாங்கிக்கொள்வது என்பதை அங்கே முடிவு செய்யலாம்.